துத்தநாகம் போல் ஒரு வள்ளல்

எங்கள் ஆதம்பாக்கம் வீட்டு கேட்டில் துருவைப் பார்த்தாலே கெமிஸ்ட்ரி பாடம்தான். இரும்பு எலக்ட்ரானை இழப்பது ஆக்ஸிஜனேற்றம். ஆக்ஸிஜன் அதைப் பெறுவது ஒடுக்கம். ஒன்று இழக்காமல் இன்னொன்று பெறாது. துத்தநாகம் பூசிவிட்டால், தான் இழந்து இரும்பைக் காக்கும். அப்படி ஒரு மனிதர் இருந்தார், நண்பர்களே! வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909-ல் கோட்டையூரில் பிறந்தவர். நமக்குப் பக்கத்துல கிண்டியில இருக்கே ஏ.சி. டெக், அது 1944-ல் அவர் கொடையால் வந்தது. காரைக்குடியில் துரு, முலாம், பேட்டரி எல்லாம் ஆராயும் சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்தார்கள். சொந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தாராம், யாருக்கு மனசு வரும்? நோயோடு போராடி 1957-ல், 47 வயதில் மறைந்தார். சிக்ரியில் துருவோடு சண்டை இன்றும் நடக்கிறது.