விண்ணைத் தொட்ட தூண்

ஏழு வானங்களையும் அடுக்கடுக்காகப் படைத்தவன் அல்லாஹ் என்றும், அப்படைப்பில் எவ்விதக் குறையையும் காண இயலாது என்றும் திருமறையின் முல்க் அத்தியாயம் அறிவிக்கிறது. வானங்களைப் பற்றிய செய்திகளைத் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாகக் கேட்டறிந்த நூல்களில் ஒன்று, வண்ணப்பரிமளப் புலவர் 1572-ஆம் ஆண்டில் இயற்றிய ஆயிர மசலா. அதில் வானம், பூமி, சுவர்க்கம், நரகம் என அடுக்கடுக்காக வினவுபவர் ஒரு யூத அறிஞர். விடை பகர்பவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். வினவிய அந்த அறிஞரே ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள்.

காவியத்தில் வினாக்கள் ஆயிரம். புகாரி ஷரீபில் பதிவான வரலாற்றிலோ மூன்றே மூன்று. அம்மூன்றுக்கும் பின் அவர்கள் வாழ்ந்த வாழ்வே நமக்குப் பெரும் படிப்பினையாகும்.

மதீனாவின் பனூ கைனுகா கோத்திரத்தில், யூசுப் நபி (அலை) அவர்களின் வழித்தோன்றலாகப் பிறந்த அவர்களுக்கு ஹுஸைன் என்பது முதற்பெயர். தவ்ராத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள். கி.பி. 622-இல் பெருமானார் வந்தடைந்த செய்தி எட்டியபோது பேரீச்ச மரத்தின் மேல் இருந்தார்கள். அங்கிருந்தே தக்பீர் முழங்கினார்கள். ஓடோடிச் சென்று திருமுகத்தைக் கண்டதும், அது பொய்யுரைப்பவரின் முகமன்று எனத் தெளிந்தார்கள்.

ஆயினும் ஆய்ந்தறியாமல் அவர்கள் ஏற்கவில்லை. மறுமையின் முதல் அடையாளம் எது, சுவனவாசிகளின் முதல் உணவு எது, பிள்ளை பெற்றோரில் ஒருவரை ஒத்திருப்பது எதனால் என வினவினார்கள். இரண்டாவது வினாவுக்கு அண்ணலார் அளித்த விடை, மீனின் ஈரலோடு ஒட்டிய துண்டு என்பதாகும். பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் மீன்பாட்டை நம்பி வாழ்வோர் இதைக் கேட்டு நெஞ்சம் குளிரலாம். தம் வலையில் தினமும் துள்ளும் எளிய படைப்பையன்றோ இறைவன் சுவன விருந்தின் முதல் உணவாக்கியிருக்கிறான்!

விடைகளைக் கேட்டதும் அவர்கள் கலிமா மொழிந்தார்கள். பின்னர், தாம் மறைந்திருக்கும்போது தம்மைக் குறித்துத் தம் மக்களிடம் விசாரிக்குமாறு பெருமானாரை வேண்டினார்கள். தங்களுள் சிறந்தவர், பேரறிஞர் என அம்மக்கள் புகழ்ந்தனர். அவர்கள் வெளிப்பட்டு ஈமானை அறிவித்ததும், அதே நாவுகள் அவர்களை இழிந்தவர் என்று தூற்றின. ஒரு நொடியில் ஊரார் மதிப்பு போயிற்று, உண்மை கைவந்தது. அப்துல்லாஹ் என்ற பெயரைச் சூட்டியவர்கள் அண்ணலாரே.

பின்னொரு நாள் அவர்கள் ஒரு கனவு கண்டார்கள். பசுஞ்சோலை ஒன்றின் நடுவே இரும்புத் தூண் ஒன்று நின்றது. அதன் அடி பூமியிலும் முடி விண்ணிலுமாக இருந்தது. உச்சியில் ஒரு கைப்பிடி. ஏற இயலாது தயங்கிய அவர்களை ஒருவர் பின்னின்று தாங்க, ஏறிச்சென்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். சோலையும் தூணும் இஸ்லாம் என்றும், இறுதி மூச்சுவரை அவர்கள் அதிலேயே நிலைத்திருப்பார்கள் என்றும் நபிகளார் விளக்கம் அளித்தார்கள்.

இந்த நன்மாராயத்துக்குப் பிறகும் செருக்கு அவர்களை அணுகவில்லை. செல்வம் இருந்தும் விறகுக்கட்டைத் தலையில் சுமந்து கடைவீதியில் நடந்தார்கள்; உள்ளத்தில் பெருமை புகாதிருக்கவே அவ்வாறு செய்தார்கள். கலீபா உஸ்மான் (ரலி) அவர்களைக் கலகக்காரர்கள் முற்றுகையிட்டபோது, அந்தக் கொலை வேண்டாமென அஞ்சாது எச்சரித்தார்கள். ஹிஜ்ரி 43-இல் மதீனாவிலேயே இறையடி சேர்ந்தார்கள்.

அன்பர்களே! வானங்களின் அடுக்குகளை எண்ணிப் பார்ப்பது எளிது; அவற்றை நோக்கி உயர்வதே அரிது. மிஃராஜ் இரவில் ஏழு வானங்களையும் கடந்து சென்ற பெருமானார் நமக்காகக் கொண்டுவந்தது தொழுகை. விண்ணைத் தொட்ட அத்தூணின் அடியும் மண்ணில்தான் ஊன்றியிருந்தது. வைகறை இருளில் தோணி இறக்கும் முன் தொழும் இரண்டு ரக்அத்தும், பசித்தவர்க்கு ஈயும் ஒரு பிடிச் சோறும், அறுந்த உறவைப் புதுப்பிக்கும் ஒரு ஸலாமுமே நாம் கால் வைத்து ஏறவேண்டிய படிகள்.

அந்தக் கைப்பிடியை இறுதிவரை விடாது பற்றும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.