திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

மதுராந்தகம் என்றவுடன் அதன் பேரேரியும் ஏரி காத்த இராமர் கோயிலும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்வூரையடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரை நினைப்பார் சிலரே. தாழ்த்தப்பட்ட மக்களை ஒரு சபையாய்த் திரட்டி, தம் குறைகளைத் தாமே எடுத்துரைக்கப் பழக்கிய இரட்டைமலை சீனிவாசனார் 1859-ஆம் ஆண்டு அங்குத் தோன்றினார் என்பர்.

அவர் கோயம்புத்தூர்க் கலாசாலையிற் பயின்ற காலத்தில், ஏறக்குறைய 400 மாணவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் இருப்பிடமும் வெளிப்படின் இழிவு நேருமென்றஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியிலிருந்து படித்து, மணியடித்த பின்னரே வகுப்பினுட் புகுவாராம். விடுதியில் ஒருங்கே உண்டும் ஆடியும் களிக்கும் நாம் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் தகும்.

பின்னர் நீலகிரியில் ஓர் ஐரோப்பிய வர்த்தக நிலையத்திற் கணக்கராயிருந்து, 1890-இல் சென்னை சேர்ந்தார். அயோத்திதாச பண்டிதர் இவர்தம் சகோதரியின் கணவர். எனினும் பண்டிதர் பௌத்தம் தழுவியபோது இவர் அவ்வழிச் சென்றாரல்லர். 1891-இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் மாதப் பத்திரிகையொன்று தொடங்கினார். நான்கே பக்கம், விலை இரண்டணா. அதற்கு அவரிட்ட பெயர் ‘பறையன்’. எப்பெயர் வெளிப்படுமோவென்று சிறுவனாய் நடுங்கினாரோ, அப்பெயரையே முகப்பிற் பொறித்து வீதிக்கு அனுப்பினார்! நண்பர் பலர் இதனைத் துணிவு என்பர்; நமக்கோ இது ஆழ்ந்த யோசனையின் பயனாகவே தோன்றுகிறது. மறைந்து வாழ்வோரைச் சபையாகக் கூட்டுதல் எங்ஙனம்? பத்திரிகை விரைவில் வாரந்தோறும் வெளிவரலாயிற்று. 1896-இல் அதில் வெளிவந்த கடிதமொன்றன்பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு, ஆசிரியர்க்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பெற்றது.

சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று காங்கிரஸ் மகாசபையார் கோரிய காலம் அது. அங்ஙனமாயின் உயர்சாதியாரே அதிகாரிகளாய் அமர்ந்து ஏழைகளை மேலும் நசுக்குவர் எனச் சீனிவாசனார் கருதினார். 1893 டிசம்பர் 23-இல் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்திற் கூட்டங்கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பார்லிமெண்டிற்கு அனுப்பினார். அக்கோரிக்கையை இன்று குறைகூறுவாருளர். நாமும் அதனை முற்றும் ஏற்கின்றோமல்லோம். ஆயினும் எழுத்தறிந்தார் அரியராயிருந்த சமூகத்தில் அத்துணைப் பேரைத் தேடிச்சென்று, காரியத்தை விளக்கி, ஒப்பம் பெறுதல் எளிய உழைப்பன்று.

1900-ஆம் ஆண்டளவில் கடல்கடந்து சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றினார். தாயகம் மீண்டு, 1923 முதல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். பொது வீதி, கிணறு, குளம், அரசாங்கக் கட்டடம் ஆகியவற்றை யாவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் நிறைவேற்றுவித்தார். ஊர்க்கிணற்றருகே சென்று அத்தீர்மானத்தைச் செயலாக்கும் பொறுப்பு, சட்டசபையைக் கண்டிராத எளிய மக்களின் தோள்மேல் வீழ்ந்தது. அவர்கள் பட்ட அடிகளைச் சரித்திரம் எண்ணி வைக்கவில்லை.

1930, 1931-ஆம் ஆண்டுகளில் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மகாநாட்டிற்குச் சென்றார். 1932-இல் பூனா ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். 1936-இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939-இல் தம் வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூர்ப் பள்ளி வாயிலில் அஞ்சிநின்ற அச்சிறுவனை, அம்முதிய வயதிலும் அவர் அதில் மறைத்தாரில்லை. 1945 செப்டம்பர் 18-இல் சென்னையிற் காலமானார்.