காற்றுக்குப் பயந்த கிருமியும் கிடசாட்டோவும்

ஒர்க்ஷாப்பில் துருப்பிடித்த ஆணி காலில் ஏறிவிட்டால் போதும், ஓடிப்போய் டி.டி. ஊசி போட்டுக்கோ என்று ஆளாளுக்கு விரட்டுகிறோம். பழி முழுக்கத் துருவின் மேல்! பாவம், துரு ஒன்றும் செய்யவில்லை. ரணஜன்னி எனப்படும் டெட்டனஸைக் கொண்டுவருவது மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் ஒரு கிருமி. ஆணி அதைச் சதைக்குள் ஆழமாக, காற்றுப் புகாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய ஜப்பானியர்தான் ஷிபாசாபுரோ கிடசாட்டோ.

1853-ல் க்யூஷு தீவின் ஓகுனி கிராமத்தில் பிறந்தவர். 1883-ல் டோக்கியோவில் மருத்துவப் படிப்பை முடித்து, அரசு சுகாதாரத் துறையில் சேர்ந்தார். அரசே அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. பெர்லினில் வாய்த்த குரு யார் தெரியுமா? காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்!

அங்கே அப்போது ஒரு சிக்கல். 1884-லேயே நிக்கோலேயர் என்பவர் தோட்டத்து மண்ணை விலங்குகளுக்குள் செலுத்தி, அவற்றுக்கு ஜன்னி வருவதைக் காட்டிவிட்டார். சீழில் மெல்லிய குச்சி போன்ற கிருமியையும் பார்த்துவிட்டார். ஆனால் அதைத் தனியாக வளர்க்க முடியவில்லை. எப்போது பார்த்தாலும் கூடவே வேறு கிருமிகள். இது தனியாக வளரவே வளராது, துணை வேண்டும் என்றுகூடச் சில பெரியவர்கள் நினைத்தார்கள்.

கிடசாட்டோ அந்தப் பேச்சை நம்பவில்லை. அந்தக் கிருமியின் குணத்தைக் கவனித்தார். க்ளாஸ்ட்ரிடியம் என்ற அதன் இனத்துக்கே இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, ஆக்ஸிஜன் பட்டால் வளராது. இன்னொன்று, காலம் கெட்டால் கெட்டியான ஓடு போட்ட விதை மாதிரி வித்தாகிவிடும். வருஷக்கணக்கில் மண்ணில் தூங்கும், சூட்டையும் தாங்கும். (சரியாகப் பதப்படுத்தாத டப்பா உணவில் விஷம் சுரக்கும் பாட்டுலினமும், போர்க்காயங்களை அழுகவைக்கும் பெர்ஃப்ரிஞ்சன்ஸும் இதன் சகோதரர்களே!)

மற்றவர்களுக்குத் தடையாக இருந்த குணத்தையே அவர் கருவியாக்கிக் கொண்டார். சீழை எடுத்து எல்லாக் கிருமிகளும் கலந்தபடியே வளரவிட்டார். ஒரு முனையில் வித்து உருண்டு, பறைக் குச்சி போல டெட்டனஸ் கிருமி தெரிந்ததும், மொத்தத்தையும் 80 டிகிரி சென்டிகிரேடில் சூடாக்கினார். கூட்டாளிகள் செத்தன. வித்துகள் பிழைத்தன. மிச்சத்தை, நம் கெமிஸ்ட்ரி லேபில் துத்தநாகமும் அமிலமும் சேர்த்துத் தயாரிக்கிறோமே, அதே ஹைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். கொஞ்சம் காற்றுக் கலந்து நெருப்பும் பட்டால் வெடிக்கிற வாயு! 1889-ல் கலப்பில்லாத டெட்டனஸ் கிருமி கிடைத்தது. எலிக்குப் போட்டார், எலிக்கு ஜன்னி கண்டது.

அதோடு விடவில்லை. கிருமி காயத்திலேயே தங்கியிருக்க, உடம்பு எப்படி வில்லாக வளைகிறது? தாடை ஏன் பூட்டிக்கொள்கிறது? கிருமி சுரக்கும் விஷம் நரம்பு வழியாக ஏறி, தசையைத் தளர்த்தும் கட்டளையை மறித்துவிடுகிறது. அந்த விஷத்துக்கு மாற்று தேடியபோது, எமில் ஃபான் பேரிங் என்பவரோடு சேர்ந்து 1890-ல் ஓர் அதிசயத்தைக் காட்டினார். எதிர்ப்புச் சக்தி ஏற்றிய முயலின் ரத்தச் சீரத்தை எலிக்குப் போட்டால், விஷம் அந்த எலியை ஒன்றும் செய்யவில்லை! முதல் உலகப் போரில் காயம்பட்ட எத்தனையோ சிப்பாய்களைக் காத்தது இந்தச் சீரம்தான்.

ஆனால் 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங் ஒருவருக்கே போயிற்று. தொண்டை அடைப்பான் சீரத்துக்காகக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் பாதை போட்டதில் பாதிப் பங்கு கிடசாட்டோவுடையது என்றே எனக்குப் படுகிறது.

ஊரிலும் நிம்மதி இல்லை. 1892-ல் திரும்பியவருக்கு, ஃபுகுசாவா யுகிச்சி என்ற கல்வியாளர் உதவியால் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வயிற்றுக்கடுப்புக் கிருமியை ஷிகா கண்டுபிடித்தது அங்கேதான். 1914-ல் அரசு அந்த நிலையத்தை டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுபோக, அறுபது வயதைத் தாண்டிய மனிதர் வேலையை உதறினார். உதவியாளர்களும் பின்னாலேயே வெளியேறினார்கள். அதே ஆண்டு சொந்தமாக ஒரு நிலையம் எழும்பியது.

1910-ல் கோக் இறந்தபோது, குருவுக்கென்று ஒரு சிறு கோயிலே கட்டியவர் இவர். 1931-ல் கிடசாட்டோ மறைந்ததும் சீடர்கள் அவருக்கும் பக்கத்திலேயே ஒன்று எழுப்பினார்கள். அது 1945 குண்டுவீச்சில் எரிந்துபோக, குருவையும் சிஷ்யரையும் ஒரே கோயிலில் சேர்த்துவிட்டார்கள்.