மேஜர் டெய்லர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மக்கள் மிதிவண்டிப் பந்தயத்தில் பெருவேட்கை கொண்டிருந்தனர். பந்தயப் பாதையைச் சூழ்ந்து பல்லாயிரவர் திரளுவர். வென்றவர்க்குப் பொருளும் புகழும் ஒருங்கே கிட்டின. ஆயினும், கறுப்பினத்தில் பிறந்த ஒருவர் அப்பாதையில் இறங்குதல் எளிதாக இல்லை.

மார்ஷல் வால்ட்டர் டெய்லர் என்பார் 1878-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு செல்வர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டி வந்தார். அவ்வீட்டுச் சிறுவனுக்கு விளையாட்டுத் தோழராயிருந்த டெய்லர், அங்கேயே மிதிவண்டி ஓட்டவும் பழகினார். பின்னர் ஒரு மிதிவண்டிக் கடையில் வேலைக்கு அமர்ந்து, படைவீரர் உடை அணிந்து, கடைவாயிலில் வண்டியின்மேல் வித்தைகள் செய்து காட்டினார். அவ்வுடையால் வந்த பெயரே மேஜர் என்பது.

பதினெட்டாம் வயதில் அவர் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டார். உணவு விடுதிகள் அவருக்குக் கதவடைத்தன. பாதையிலோ வெள்ளையர் சிலர் ஒன்றுகூடி, முன்னும் பக்கமும் மறித்து நெருக்கினர். 1897-இல் டான்டன் என்னும் ஊரில், பந்தயம் முடிந்ததும் எதிராளி ஒருவர் அவரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்க, அவர் உணர்விழந்தார். நெரித்தவருக்கு விதித்த தண்டம் 50 டாலர். உயிருக்கு இட்ட விலை அவ்வளவே போலும்! டெய்லர் தளரவில்லை. 1899-இல் கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் ஒரு மைல் ஓட்டத்தில் உலக வாகை சூடினார்.

அவர் புகழ் கேட்டுப் பிரெஞ்சு நாட்டார் பெருந்தொகை தருவதாக அழைத்தனர். ஐரோப்பாவில் பெரும்பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுவன. தாயாரின் வழிநின்று இறைப்பற்று மிக்க டெய்லர், அந்நாளில் ஓடேன் என மறுத்துவிட்டார். பலர் இதனைப் பிடிவாதம் என்றனர். இறுதியில் பிரெஞ்சுக்காரரே இறங்கி வந்தனர். ஞாயிறு நீக்கி எழுதப்பெற்ற ஒப்பந்தத்துடன் 1901-இல் அவர் கடல் கடந்தார்.

பாரிஸ் மாநகரில் அவரை எதிர்த்தவர், முந்திய ஆண்டின் உலக வாகையர் எட்மண்ட் ஷாக்கலின். மே 16-ஆம் நாள் குளிர் மிகுந்திருந்தது. டெய்லருக்குக் குளிர் ஆகாது. அன்று ஷாக்கலின் வென்றார். வென்றதோடு அமையாது, மூக்கின்மேல் கட்டைவிரலை வைத்து விரல்களை ஆட்டி எள்ளினார். டெய்லர் மறுமொழி ஏதும் கூறாமல், மற்றொரு பந்தயம் வேண்டினார். மே 27-ஆம் நாள் வெயில் காய்ந்தது. இரண்டு ஓட்டங்களிலும் டெய்லரே முந்தினார். தம் நாட்டு வீரர் தோற்றதையும் மறந்து பாரிஸ் மக்கள் ஆரவாரம் செய்தனர். தாய்நாட்டில் அவர் காணாத காட்சி அது.

பின்னர் ஆஸ்திரேலியாவும் அவரை வரவேற்றது. 1904-இல் சிட்னி நகரில் பிறந்த மகளுக்கு அந்நகரின் பெயரையே இட்டார். அவ்வாண்டு தாயகம் திரும்பியபோதோ, சான்பிரான்சிஸ்கோவில் விடுதிகள் அவருக்கு இடமளிக்கவில்லை. உடலும் உள்ளமும் சோர்ந்து சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1907-இல் மீண்டும் ஐரோப்பா சென்ற பின்னர், ஞாயிற்றுக்கிழமையும் ஓட இசைந்தார். அவ்விசைவு அவருக்கு எளிதாக இருந்திராது. 1910-இல் பந்தயத்தை விட்டார்.

ஈட்டிய பொருள் வாணிகத்திலும் நோயிலும் கரைந்தது. தம் வரலாற்றைத் தாமே எழுதி அச்சிட்டு, வீடுதோறும் சென்று விற்றார். 1932-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் சிகாகோ நகரில், ஏழையர்க்குரிய மருத்துவமனைப் பிரிவில் உயிர் நீத்தார். உடலைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. பெயர்க்கல்லும் இன்றி அடக்கம் செய்தனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, முன்னாள் பந்தய வீரர் சிலர், மிதிவண்டித் தொழிலதிபர் ஒருவர் ஈந்த பொருளைக் கொண்டு, அவர் உடலை அவ்விடுகாட்டிலேயே நல்லதோர் இடத்திற்கு மாற்றி, பெயர் பொறித்த வெண்கலப் பலகை ஒன்றைப் பதித்தனர்.