குண்டுக்கேற்ற முறுக்கு

1854-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் போர்த் துறை, மான்செஸ்டர் நகரின் புகழ்பெற்ற இயந்திரப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்தை நாடியது. என்ஃபீல்ட் துப்பாக்கியைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கான இயந்திரங்களை அவர் வடிவமைத்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. வேறொரு தொழிலதிபராக இருந்திருந்தால் மறுநாளே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். விட்வொர்த் மறுத்தார். ஒரு துப்பாக்கிக் குழல் ஏன் துல்லியமாகச் சுடுகிறது, அதே அளவில் செய்த இன்னொரு குழல் ஏன் குறி தவறுகிறது என்பதற்கு எவரிடமும் விடையில்லாதபோது, எந்தக் குழலைச் செய்வதற்கு இயந்திரம் வடிவமைப்பது என்பது அவருடைய கேள்வி. முதலில் ஆய்வு, பிறகு இயந்திரம் என்றார். தமக்கு ஊதியம் வேண்டாம், ஆய்வுச் செலவை மட்டும் அரசு ஏற்றால் போதும் என்றார்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், தரப்படுத்தல் குறித்த பாடத்தை விட்வொர்த்தின் திருகிலிருந்து தொடங்குவது என் வழக்கம். பாடநூல்களும் அதோடு நின்றுவிடும். அவருடைய துப்பாக்கியின் கதை பாடத்திட்டத்துக்குள் அடங்காதது. ஆனால், திருகில் வென்ற மனிதர் துப்பாக்கியில் ஏன் தோற்றார் என்ற கேள்விதான் என்னை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது.

1803 டிசம்பர் 21 அன்று ஸ்டாக்போர்ட்டில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் விட்வொர்த். பத்து வயதளவில் தாயை இழந்தார். பதினான்கு வயதில் டெர்பிஷயரில் இருந்த உறவினரின் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். ஆலையின் நிர்வாகத்தைக் கற்றுக்கொள்வான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அவரோ ஆலையின் இயந்திரங்களைக் கற்றுக்கொண்டார். பதினெட்டு வயதில் அங்கிருந்து வெளியேறி மான்செஸ்டருக்குச் சென்று சாதாரணத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையிலும், சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்த ஜோசப் கிளமென்ட்டின் பட்டறையிலும் பணியாற்றினார். 1833-இல் மான்செஸ்டர் திரும்பி, வாடகை இடத்தில் கருவிகள் செய்து விற்கத் தொடங்கினார்.

அவருடைய முதல் சாதனை, பார்வைக்கு எளியதொரு பொருள்: உண்மையான சமதளம் கொண்ட இரும்புத் தகடு. இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சீராக்கினால், ஒன்று மேடாகவும் மற்றொன்று அதற்கேற்பக் குழியாகவும் அமைந்து நம்மை ஏமாற்றிவிடக்கூடும். மூன்று தகடுகளை மாறி மாறி ஒப்பிட்டு, மேடான இடங்களைச் சுரண்டியெடுத்துக்கொண்டே வந்தால், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்போது மூன்றும் சமதளமாக இருந்தே தீர வேண்டும். இந்த முறையை 1840-இல் அறிஞர் அவையில் விளக்கினார். துல்லியத்தைக் கைத்திறனிடமிருந்து மீட்டு அளவீட்டிடம் ஒப்படைத்ததே அவருடைய வாழ்நாள் பணி என்று சொல்லலாம். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவுக் கருவியையும் பிற்பாடு அவர் செய்துகாட்டினார்.

1841-இல் திருகுமரை பற்றிய அவருடைய யோசனை வந்தது. அன்றைய இங்கிலாந்தில் பட்டறைக்கொரு மரை இருந்தது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு மற்றொரு பட்டறையின் நட் பொருந்தாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி அளந்தார்; அவற்றின் சராசரியை எடுத்தார்; மரையின் கோணம் 55 பாகை என்று வகுத்தார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உலகிலேயே சிறந்த மரை எது என்று அவர் தேடவில்லை. எல்லாரும் ஏற்றுக்கொள்ளத்தக்க மரை எது என்று தேடினார். அந்த நடுநிலைதான் வென்றது. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் 'விட்வொர்த் மரை' என்று சொல்லக் கேட்கலாம்.

துப்பாக்கியில் அவர் மேற்கொண்ட வழி இதற்கு நேர்மாறானது. மான்செஸ்டரில் அவருடைய வீட்டு வளாகத்தில் 500 கஜ நீளமுள்ள மூடிய சுடுகூடம் ஒன்று அரசுச் செலவில் எழுப்பப்பட்டது. கட்டி முடித்த சில நாள்களில் புயல் அதைச் சாய்த்தது. மீண்டும் கட்டி, 1855 வசந்தத்தில் ஆய்வைத் தொடங்கினார். கூடத்தின் குறுக்கே இடைவெளிவிட்டு மெல்லிய தாள் திரைகள் தொங்கவிடப்பட்டன. குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துச் செல்லும்போது அதன் பாதையும், அது நேராகச் சென்றதா, தலைகுப்புறப் புரண்டதா என்பதும் அந்தத் துளைகளில் பதிவாயின.

இந்த இடத்தில் சற்று இயற்பியல் தேவைப்படுகிறது. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் சுருள் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்து வெளியே அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டும் முனையை முன்னே வைத்துப் பறக்கிறது. சுழற்சி போதாவிட்டால் எதிர்க்காற்று அதைப் புரட்டிவிடும். குண்டு எவ்வளவு நீளமானதோ அவ்வளவு எளிதில் புரளும். ஆகவே நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். எத்தனை அங்குல நீளத்தில் அந்தச் சுருள் ஒரு முழுச் சுற்றை முடிக்கிறது என்பதே குழலின் 'முறுக்கு'. அங்குலம் குறையக் குறைய முறுக்கு கூடும்.

என்ஃபீல்ட் துப்பாக்கியின் உள்விட்டம் 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதன் குழல் 39 அங்குல நீளம். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் அரைச் சுற்று மட்டுமே சுழன்றிருக்கும்! விட்வொர்த் குண்டின் எடையை மாற்றவில்லை. அதே ஏறத்தாழ 34 கிராம் ஈயத்தை 0.451 அங்குல விட்டத்துக்குள் ஒடுக்கினார். விட்டம் குறைந்ததால் குண்டு நீண்டது; காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைந்தது; தொலைவில் வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆற்றல் கூடியது. ஆனால், நீண்ட குண்டை 78 அங்குல முறுக்கில் சுட்டால் அது புரண்டு விழும். எனவே 60, 30, 20, 10, 5 என்று முறுக்கைக் கூட்டிக்கொண்டே போய், ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற எல்லை வரைக்கும் குழல்களைச் செய்து சுட்டுப் பார்த்தார். முறுக்கு மிகுந்தால் மெல்லிய ஈயம் பள்ளங்களைப் பற்றாமல் வழுக்கிவிடும் என்ற தடையை நீக்க, வட்டக் குழலுக்குப் பதிலாக அறுகோணக் குழலையும் அதற்குள் சரியாகப் பொருந்தும் அறுகோணக் குண்டையும் படைத்தார். இறுதியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முடிவுக்கு வந்தார்.

20 என்ற எண்ணை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் பொருளில்லை. என்ஃபீல்டின் குட்டைக் குண்டுக்கு அது தேவையற்றது. விட்வொர்த்தின் நீண்ட குண்டுக்கு இன்றியமையாதது. விட்டம், நீளம், எடை, முறுக்கு ஆகியவை ஒன்றையொன்று நிர்ணயிக்கும் சமன்பாடுகள். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

1857 ஏப்ரலில் ஹைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் இரு துப்பாக்கிகளும் அருகருகே சோதிக்கப்பட்டன. 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்தினுடையது 0.37 அடி. 1,100 கஜத்தில் முன்னது 8.04 அடி, பின்னது 2.62 அடி. 1,400 கஜத்தில் என்ஃபீல்ட் இலக்கைத் தொடவே இல்லை, விட்வொர்த் 4.62 அடி விலகலோடு தொடர்ந்து சுட்டது. அரை அங்குலத் தடிமனுள்ள எல்ம் மரப் பலகைகளில் என்ஃபீல்ட் குண்டு 12 பலகைகளோடு நின்றது. விட்வொர்த்தின் அறுகோணக் குண்டு 33 பலகைகளைத் துளைத்தது.

அதே வசந்தத்தில்தான் அதே என்ஃபீல்ட் துப்பாக்கி வேறொரு காரணத்துக்காக இந்திய வரலாற்றில் இடம்பெற்றது. அதன் தோட்டா உறையில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்தது. பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தியது மார்ச் 29 அன்று. மீரட் எழுந்தது மே 10 அன்று. ஹைத்தில் நடந்த ஒப்பீடு இரண்டுக்கும் இடைப்பட்ட மாதத்தில் நிகழ்ந்தது.

இத்தகைய முடிவுக்குப் பின்னும் ராணுவம் விட்வொர்த் துப்பாக்கியை ஏற்கவில்லை. போர்க்கருவிக்கு இவ்வளவு சிறிய உள்விட்டம் பொருந்தாது என்று கூறப்பட்டது. சுடச் சுட வெடிமருந்துக் கரி படிந்து குழல் விரைவில் அடைபடுகிறது, குண்டை உள்ளே செலுத்துவது கடினமாகிறது என்று கூறப்பட்டது. விலையும் என்ஃபீல்டைவிடப் பன்மடங்கு. இவற்றில் கரிப் படிவு உண்மையான குறை. களத்தில் நிற்கும் சிப்பாய்க்கு அது உயிர்ப் பிரச்னை. விலை பற்றிய வாதத்தை ஒரு பொருளியல் மாணவன் அப்படியே ஏற்க மாட்டான். ஒரு துப்பாக்கியின் விலை என்ன என்பது ஒரு கணக்கு. இலக்கைத் தொடும் ஒரு குண்டுக்கு ஆகும் செலவு என்ன என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கை எவரும் போட்டதாகத் தெரியவில்லை.

பேசப்படாத காரணம் வேறொன்று இருந்தது என்பது என் கணிப்பு. அந்த ஆண்டுகளில்தான் என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையில், உதிரிபாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க முறையில் செய்யும் அமெரிக்க இயந்திரங்கள் நிறுவப்பட்டன. அரசு அப்போதுதான் செலவழித்த பெருந்தொகை 0.577 என்ற அளவில் உறைந்து கிடந்தது. அமெரிக்க இயந்திர முறையின் மேன்மையை, நேரில் சென்று பார்த்து 1854-இல் அறிக்கை எழுதி, இங்கிலாந்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் விட்வொர்த்தும் ஒருவர். திருகில் அவர் நடைமுறையோடு சமரசம் செய்துகொண்டார். பட்டறைகள் சிறிதளவு மாறினால் போதுமானதாயிருந்தது. துப்பாக்கியில் அவருடைய விடை முழுமையானது. குழல், குண்டு, தோட்டா, இயந்திரம் என அனைத்தையும் ஒருசேர மாற்றச் சொன்னது.

அரசு கைவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியால் 400 கஜத்தில் சுட்டார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத் தொலைவில் பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிபார்த்துச் சுடுவோர் கைக்கும் இந்தத் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடமாநிலத் தளபதி ஜான் செட்ஜ்விக்கைத் தொலைவிலிருந்து வீழ்த்தியது விட்வொர்த் குண்டு என்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அடிமை முறையைக் காக்க நின்ற படைக்கு மான்செஸ்டரின் துல்லியம் இப்படிப் பயன்பட்டது. அளவீட்டுக்குத் தன்னை யார் பயன்படுத்துகிறார் என்று தெரியாது. விட்வொர்த்தைப் போற்றும் நூல்கள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றன.

1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியை ஏற்றது. அதன் உள்விட்டம் 0.45 அங்குலம், முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பின்புறம் தோட்டா செலுத்தும் முறை வந்துவிட்டதால் குழல் வாய்வழியே குண்டை இடிக்கும் தொல்லையும் நீங்கியிருந்தது. போர்க்கருவிக்கு மிகச் சிறிது என்று தள்ளப்பட்ட அளவு, பதினான்கு ஆண்டுகள் கழித்து வேறொருவர் பெயரில் திரும்பி வந்தது.

1879-இல் உல்விச் பீரங்கிப் படைக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் ஓர் எளிய சூத்திரத்தை வகுத்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்று கண்டு, 150 என்ற எண்ணை அதனால் வகுத்தால், எத்தனை விட்ட நீளத்தில் ஒரு சுற்று வேண்டும் என்ற விடை கிடைக்கும். 0.45 அங்குல விட்டமும் அதைப்போல் மூன்று மடங்கு நீளமும் உள்ள குண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 விட்டங்கள், அதாவது 22.5 அங்குலம் வரும். மூன்றேகால் மடங்கு நீளமென்றால் 21 அங்குலத்தை நெருங்கும். இருபதாண்டுகளுக்கு முன்பு தாள் திரைகளில் விழுந்த துளைகளைப் பார்த்தே விட்வொர்த் 20-ஐ எட்டியிருந்தார்.

அவருடைய பிற்கால வாழ்க்கை செல்வமும் தனிமையும் கலந்தது. பீரங்கியிலும் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கோடு நெடும்போட்டி நடத்தி, அரசின் ஆதரவை இழந்தார். 1868-இல் இளம் பொறியாளர்களின் கல்விக்காக ஆண்டுக்கு 3,000 பவுண்டு வழங்கும் உதவித்தொகைத் திட்டத்தை நிறுவினார். விட்வொர்த் உதவித்தொகை இன்றும் வழங்கப்படுகிறது. அடுத்த ஆண்டு 'பாரனெட்' பட்டம் வந்தது. குழந்தைகள் இல்லை. அவர் விட்டுச் சென்ற செல்வத்தின் ஒரு பகுதி மான்செஸ்டரின் கலைக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் ஆயிற்று. 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார். டெர்பிஷயரின் டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்கடுத்த ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியை ஏற்றது. உள்விட்டம் 0.303 அங்குலம், குண்டு முன்னெப்போதையும்விட ஒல்லியானது, விட்டத்தோடு ஒப்பிட நீளமானது, முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று.