இராபர்ட் வாட்சன்-வாட்

சர் இராபர்ட் வாட்சன்-வாட் (ஏப்ரல் 13, 1892 – டிசம்பர் 5, 1973) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். ராடாரின் முன்னோடிகளுள் ஒருவர். இடிமழையைக் கண்டறிய இவர் தொடங்கிய ஆய்வே பின்னர் ராடார் உருவாக வழிவகுத்தது.

இளமை

பிரெக்கின் என்னும் ஊரில் பிறந்தார். டண்டீயில் பொறியியல் பயின்று 1912 இல் பட்டம் பெற்றார்.

மின்னல் ஆய்வு

1915 இல் பிரித்தானிய வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். அக்கால விமானங்களுக்கு இடிமழை பேராபத்தாக இருந்தது. மின்னல் வெளியிடும் வானொலி அலைகளின் திசையை அறிந்து விமானிகளை எச்சரிக்க இவர் முயன்றார். அவ்வலைகள் நொடிப்பொழுதில் மறைவதால், சுழற்றித் திசை காணும் வானலைவாங்கி போதவில்லை. எனவே 1920களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு வானலைவாங்கிகளை எதிர்மின்கதிர்க் குழாயுடன் இணைத்து, திசையை உடனே திரையில் காட்டும் கருவியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடவும் இம்முறை பயன்பட்டது.

ராடார்

விமானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகளைக் கொண்டு அதனைக் கண்டறிய இயலும் என்பதை இவரது உதவியாளர் ஆர்னால்டு வில்கின்சு கணக்கிட்டுக் காட்டினார். பெப்ரவரி 26, 1935 அன்று டேவென்ட்ரி அருகே பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டு இருவரும் இதனைச் சோதித்தனர். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவு வரை விமானம் புலப்பட்டது. இதன்வழி அமைந்த கடலோர ராடார் நிலையங்கள் 1940 இல் வான் தாக்குதல்களிலிருந்து பிரித்தானியாவைக் காக்க உதவின. 1942 இல் சர் பட்டம் பெற்றார்.

வானிலை ராடார்

போர்க்கால ராடார்களின் திரையில் மழையின் எதிரொலிகள் இடையூறாகத் தோன்றின. அவ்விடையூறே போருக்குப் பின் வானிலை ராடாருக்கு அடிப்படையாயிற்று. இவ்வாறு, இடிமழையைத் தேடிப் பிறந்த தொழில்நுட்பம் மீண்டும் வானிலை ஆய்வுக்கே பயன்படலாயிற்று.