தரை டிக்கெட் எங்கே போனது?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் புவனகிரி போன்ற சிற்றூர்களின் வீடுகளில் ஒரு கணக்கு போடப்படுகிறது. சென்னைப் புறநகரில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்ட பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்கிறார்கள். பெரிய பூங்காக்களில் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் வாசலைக் கடப்பதற்கே ஐந்தாயிரத்துக்கு மேல். நான்கைந்து மணி நேரப் பேருந்துப் பயணம், உள்ளே விற்கும் விலைக்கே வாங்கியாக வேண்டிய உணவு, தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்தால், தறியையோ வயலையோ நம்பியிருக்கும் குடும்பத்தின் மாத வருவாயில் கணிசமான பகுதி ஒரே பகலில் கரைந்துவிடும். பல வீடுகளில் அந்தக் கணக்கு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. 1955 ஜூலையில் அமெரிக்காவின் அனாஹைம் நகரில் வால்ட் டிஸ்னி தன் பூங்காவைத் திறந்தபோது பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 1 டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும், அந்த 1 டாலரின் இன்றைய மதிப்பு சுமார் 12 டாலர். இன்று அதே பூங்காவில் நெரிசல் மிகுந்த நாள்களில் ஒருநாள் சீட்டின் விலை 200 டாலரைத் தாண்டிவிட்டது. வரிசையில் நிற்காமல் முந்திச் செல்ல இன்னொரு கட்டணம். ரசிகர்கள் ஒவ்வொரு விலை உயர்வின்போதும் கொதிக்கிறார்கள், பிறகு வருகிறார்கள். கூட்டம் குறையவில்லையே என்று நிர்வாகங்கள் அமைதி கொள்கின்றன.

கூட்டத்தைப் பார்த்து விலையைத் தீர்மானிப்பது சரிதானா? இந்தக் கேள்விக்கு ஒரு தமிழரின் வாழ்க்கையில் விடை இருக்கிறது. தென்னிந்தியாவில் சீட்டு விற்றுப் படம் காட்டும் தொழிலை ஊர் ஊராகக் கொண்டுசென்ற சாமிக்கண்ணு வின்சென்ட்டின் வாழ்க்கை அது.

சாமிக்கண்ணு 1883 ஏப்ரலில் கோயம்புத்தூரில் பிறந்தார். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் திருச்சி அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்தார். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சென்னையையும் திருச்சியையும் இணைத்த இருப்புப்பாதை அந்தக் கம்பெனியுடையது. மாதச் சம்பளம் சுமார் 25 ரூபாய். நிரந்தரமான, மரியாதையான வேலை. பெரும்பாலானவர்கள் அந்த மேசையிலேயே ஓய்வுபெற்றிருப்பார்கள்.

1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியோடும் சில படச்சுருள்களோடும் திருச்சிக்கு வந்தார். ஊர் ஊராகப் படம் காட்டி வந்த அவர் உடல்நலம் குன்றியதால், கருவியை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப விரும்பினார். அதை வாங்க முன்வந்தவர் இருபத்திரண்டு வயது சாமிக்கண்ணு. விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. அவருடைய சம்பளத்தில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும் தொகை. திரட்ட முடிந்ததையெல்லாம் திரட்டிக் கருவியை வாங்கினார், வேலையை விட்டார். அவர் கைக்கு வந்த சுருள்களில் ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் ஒன்று.

அன்றைய தமிழகத்தில் திரையரங்கம் என்ற கட்டடமே அரிது. பெரும்பாலான ஊர்களில் மின்சாரமும் கிடையாது. எனவே அரங்கத்தையும் வெளிச்சத்தையும் தன்னோடு சுமந்து செல்ல வேண்டியிருந்தது. கூடாரத் துணி, கம்பங்கள், திரை, கருவி, விளக்கு எல்லாம் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏறின. ஊர்ப் பொட்டலில் கூடாரம் எழும். சில வாரங்கள் படம் ஓடும். பிறகு அடுத்த ஊர். தமிழ்நாட்டில் தொடங்கிய பயணம் வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மாவுக்கும் நீண்டது. 1909-இல் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அடித்து, எடிசன் பெயரைத் தாங்கிய சினிமாமெகாபோன் காட்சிகளை நடத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பே காசு கொடுக்க வேண்டும் என்பது அன்றைய கிராமத்து மக்களுக்குப் பழக்கமில்லாத செய்தி. தென்னார்க்காடு மண் தெருக்கூத்தின் மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஊர் கூடி வரி வசூலித்துக் கூத்து வைக்கும். விடிய விடிய யார் வேண்டுமானாலும் மணலில் அமர்ந்து பார்க்கலாம். சிதம்பரம் தேரோட்டத்துக்கும் சீட்டு இல்லை. செலவு ஊருடையது, காட்சி எல்லோருடையது என்பதே வழக்கம். இப்படிப் பழகிய மக்களிடம், வாசலில் காசு வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்ல வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று நினைத்திருந்தால், கூடாரத் தொழில் பெரிய நகரங்களைத் தாண்டியிருக்காது.

அதற்குக் கூடாரக் கொட்டகைகள் கண்ட விடைதான் தரை டிக்கெட். பின்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, திரைக்கு முன்னால் மணல் தரை. நாற்காலிக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு அதைவிடக் குறைவு, தரைக்கு மிகக் குறைவு. கூத்துப் பார்த்த அதே மணலில், அதே மாதிரிக் கால் நீட்டி அமர்ந்து, சில காசுகளுக்குப் புதுமையைப் பார்க்கலாம். ஒரே படம், ஒரே நேரம், ஒரே கூரை. காட்சி முடிந்து வெளியே வரும்போது மிராசுதாரும் அவர் வயலில் நாற்று நட்டவரும் பேசிக்கொள்வதற்கு ஒரே கதை இருந்தது. சாதியும் வர்க்கமும் கூடாரத்துக்குள் மறைந்துவிட்டன என்று சொல்ல முடியாது. இருக்கை வரிசையே அவற்றைக் காட்டிக் கொடுத்தது. ஆனாலும், ஆலயத்திலும் அக்ரகாரத்துத் தெருவிலும் நுழைய முடியாதவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி நுழைய முடிந்த பொது இடங்களில் கொட்டகையும் ஒன்று. தில்லைக்குள் நுழைய ஏங்கிய நந்தனாரின் கதை வழங்கும் வட்டாரத்துக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

தரை டிக்கெட்டை ஏழைகளுக்குச் செய்த தருமம் என்று எண்ணிவிடக் கூடாது. அது தொழிலின் கணக்கு. ஊர் ஊராகச் செல்லும் கூடாரக்காரருக்குத் திரும்ப வரும் ரசிகரை நம்பி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வழியில்லை. நான்கு நாளில் கூட்டம் சரிந்தால் ஐந்தாம் நாள் கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். எனவே, வந்திருப்பவர்களை எண்ணுவதைவிட வராதவர்களை எண்ணுவது அவருக்கு அவசியமாயிற்று. காலியாகக் கிடக்கும் மணல் தரைதான் அவருடைய எச்சரிக்கை மணி. நாற்காலிக்காரர் ஒருவர் தரும் காசைவிட, தரையில் நெருக்கியடித்து அமரும் நூறு பேரின் காசு கூடுதல் என்பதைத் தொழிலே அவருக்குக் கற்பித்திருக்கும்.

அலைந்து சம்பாதித்த பணத்தில் சாமிக்கண்ணு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று அது. அந்தச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான். அரங்குக்காக நிறுவிய மின்னாக்கி, நகருக்குப் பொது மின்விநியோகம் வரும் முன்பே கோவைக்கு மின்விளக்கைக் காட்டியது. அதே மின்சாரத்தில் அச்சகமும் ஓடியது. வெளிநாட்டுப் படக்கருவிகளை வரவழைத்து விற்றுத் தென்னகத்தின் பல ஊர்களில் பிறரும் கொட்டகை தொடங்க வழி செய்தார். போட்டியாளர்களை உருவாக்குகிறோமே என்ற அச்சம் அவரைத் தடுக்கவில்லை. படம் பார்க்கும் பழக்கம் பரவினால்தான் தொழில் நிலைக்கும் என்பதை உணர்ந்தவர் அவர்.

படம் பேசத் தொடங்கியதும், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933-இல் வள்ளி திருமணம் படத்தைத் தயாரித்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் பெரும் வெற்றி பெற்றது. தமிழ்ப் படம் எடுக்கத் தமிழர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேற வேண்டியிருந்த நிலை மாற, கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானதில் அவருக்கும் பங்குண்டு. பின்னாளில் மு. கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர். நாயகனாக நடித்த ராஜகுமாரி அந்த ஸ்டூடியோவில்தான் உருவானது.

அவருடைய இறுதிக்காலத்தில் சீட்டின் விலைக்குள் இன்னொருவரும் பங்கு கேட்டு வந்தார்: அரசாங்கம். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அமைச்சரவை விற்பனை வரியைக் கொண்டுவந்த 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. அதுமுதல் சீட்டின் விலை கொட்டகைக்காரர் மட்டும் தீர்மானிப்பதாக இல்லை. 1942 ஏப்ரலில் சாமிக்கண்ணு மறைந்தார். கோவையில் அவர் கட்டிய அரங்கம் பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறி, பல பத்தாண்டுகள் படம் காட்டிவிட்டு, அண்மையில் இடித்து அகற்றப்பட்டது. ஊர்ப்புறக் கூடாரக் கொட்டகைகள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. தொலைக்காட்சி வந்தது, மனைகளின் மதிப்பு ஏறியது, மணல் தரை போயிற்று.

மணல் போனாலும் அதன் தத்துவம் சிலகாலம் உயிரோடு இருந்தது. மாநில அரசின் கட்டண விதிகளால், சென்னையின் பளபளப்பான பல்திரை அரங்குகளில்கூட முன்வரிசைகளுக்கு 10 ரூபாய் டிக்கெட் நெடுங்காலம் விற்கப்பட்டது. 2017-இல் சரக்கு-சேவை வரியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது, தமிழகத் திரையரங்குகள் ஜூலை முதல் வாரத்தில் மூடப்பட்டன. சில மாதங்களில் கட்டண உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. பெரிய நடிகர்களின் படங்கள் வெளியாகும் நாள்களில் நிர்ணயித்ததைவிடக் கூடுதலாக வசூலிக்கப்படுவதாக உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றிருக்கின்றன. 2025 செப்டம்பரில் 100 ரூபாய் வரையிலான திரைப்படச் சீட்டுக்கு வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், அதற்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 சதவீதம் தொடர்வதும், மலிவுச்சீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை வரி விதிப்பவர்களே ஒப்புக்கொண்டதற்குச் சான்று. பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கான வரியும் 2018 ஜனவரியில் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், அங்கே 100 ரூபாய்ச் சீட்டுக்கான தனிச் சலுகை இல்லை. சலுகை பெறும்படியான சீட்டும் இல்லை.

பூங்காக்காரர்களிடமும் நியாயம் உண்டு. நிலம், இயந்திரம், பாதுகாப்புப் பராமரிப்பு, மின்சாரம் எல்லாம் செலவு. உயரத்தில் சுழலும் ஊஞ்சலைக் குறைந்த செலவில் பராமரிக்கச் சொல்வது ஆபத்தான சிக்கனம். ஆகவே எல்லோருக்கும் விலையைக் குறைக்க வேண்டும் என்பதல்ல கோரிக்கை. கூடாரத்தில் நாற்காலியும் இருந்தது. கூடுதல் வசதிக்குக் கூடுதல் கட்டணம் தருபவர் தரட்டும். ஆனால், அதே கூரையின் கீழ் தரைக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். கூட்டம் குறைந்த வேலைநாள்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் குடும்ப அட்டைதாரர்களுக்கும் குறைந்த கட்டணம், விளையாட்டுகளில் ஏறாமல் பிள்ளைகளுக்குத் துணையாக மட்டும் வரும் தாத்தா பாட்டிக்குப் பெயரளவுச் சீட்டு, வீட்டிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி ஆகியவை நிர்வாகங்களுக்குப் பெரிய இழப்பைத் தந்துவிடாது. வரிச்சலுகையையும் நில அனுமதியையும் அரசு வழங்கும்போது இவற்றை நிபந்தனையாக்கலாம்.

விலை உயர்வுக்கு ரசிகர்கள் காட்டும் எதிர்ப்பை அளப்பது எளிது. முணுமுணுத்துக்கொண்டே வருபவர்கள் வரிசையில் தெரிகிறார்கள். புவனகிரியின் ஒரு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிச்சாவரம் படகுத்துறைக்கோ கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கோ பிள்ளைகளை அழைத்துப்போகும் தாய் தந்தையர் யாரிடமும் புகார் செய்வதில்லை. அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. நிரம்பிய நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் கண்ணில் அவர்கள் படவும் மாட்டார்கள். ஊர்ப் பொட்டலில் கூடாரம் அடித்த கோவைக்காரர் படம் தொடங்குமுன் முதலில் பார்க்க வேண்டியிருந்த இடம் அந்த மணல் தரைதான்.